ஆகக் கூடின சக்தி

கொட்டாஞ்சேனைத் தோட்டத்துப் பாலர் பாடசாலையில் ஞாயிற்றுக்கிழமை காலை சனம் வயதுப்படி பிரிந்து உட்கார்ந்திருந்தது. சுவரோரத்துக் குட்டிக் கதிரைகளில் தாய்மாரும் மடியில் கைக்குழந்தைகளும். அடுத்த நீளப் பலகை வாங்கில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். பிறகு இளவட்டங்கள், அதற்குப் பின்னால் நாற்பதைத் தாண்டியவர்கள், வாசலுக்குக் கிட்டே காற்றுப் படுகிற இடத்தில் வயதானவர்கள். தோட்டம் என்று பெயரே தவிர அங்கே ஒரு முருங்கை மரம்கூடக் கிடையாது. ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்ட சின்ன வீடுகள் இரண்டு வரிசை, நடுவில் கழிவுநீர் ஓடும் கான், முனையில் பொதுக் குழாய், அவ்வளவுதான்.

நாகமணி நாற்பதைத் தாண்டியவர்களின் வாங்கில் இருந்தாள். வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டில் சமையலும் பிள்ளை பார்ப்பதும் அவளுடைய வேலை. ஞாயிறு மட்டும் லீவு. உடுப்பு ஊறப்போட்டுவிட்டு வந்தவள், இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் அக்கா எங்கள வயசு பாத்துப் பிரிச்சி வெச்சீக்கி? மீன் பிரிக்கிற மாதிரி" என்றாள் பக்கத்தில் இருந்த ருக்கியா. இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவள். இரண்டு பேருடைய வீட்டுக்கும் சுவர் ஒன்று.

"தெரியலயே. வயசுக்குத் தகுந்தாப்புல ஊசி போல."

"ஊசி போட இல்ல. ரத்தம் எடுக்க."

சுகாதாரப் பகுதியிலிருந்து வந்தவர்களில் ஸவாஹிர் என்கிற இளைஞனுக்கு மட்டும்தான் தமிழ் தெரியும். நாகமணியின் கையில் ரப்பர் பட்டியைக் கட்டி, நரம்பைத் தட்டிப் பார்த்தபடி அவன் விளக்கினான்.

"இது குக்கல் இருமலுக்கு. ஒங்கட ரத்தத்துல அதுக்கு எதிர்ப்புச் சக்தி எவ்வளவு ஈக்கிண்டு பாக்கப் போறோம். சின்னப் புள்ளைகளுக்கு எவ்வளவு, பெரியாக்களுக்கு எவ்வளவு, வயசுக்கு வயசு எப்பிடி மாறுது, அதத்தான்."

"குக்கலா? எங்க எஸ்டேட்ல கக்குவான்னு சொல்லுவாங்க" என்றாள் நாகமணி. "அது சின்னப் புள்ளைங்களுக்குத்தான வரும் தம்பி?"

"எல்லாருக்கும் வரும். பெரியாக்களுக்கு வந்தா சும்மா இருமல் மாதிரி ஈக்கும். கண்டுபுடிக்க ஏலா."

"சின்னதுல ஊசி போட்டிருந்தாலும்?"

"வயசு போகப் போக ஊசிட சக்தி கொறையுமே."

ருக்கியா தலையை நீட்டினாள். "அப்ப கெழவனுகளுக்கு ஒண்டுமே ஈக்காதா?"

"சில நேரம் அவங்களுக்குத்தான் கூட ஈக்கும்."

"அது எப்பிடி? இப்பதான் கொறையும் எண்டு சென்னீங்க."

யாரோ ஸவாஹிரைச் சிங்களத்தில் கூப்பிட்டார்கள். அவன் பஞ்சை நாகமணியின் கையில் வைத்து அழுத்தச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். குறையும் என்கிறான், கூடும் என்கிறான். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

வெள்ளவத்தை வீடு கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் மூன்றாம் மாடியில் இருந்தது. ரயில் போகும்போதெல்லாம் அலுமாரிக் கண்ணாடி நடுங்கும். வீட்டுக்கார அம்மா அனுஷியா வங்கியில் வேலை. பிரசவ லீவில் நின்றாள். புருஷன் லோகேஸ்வரனுக்கு இரத்மலானையில் ஒரு தொழிற்சாலையில் கணக்காளர் உத்தியோகம். மூத்தவன் தர்ஷன் ஓ-எல் சோதனைக்குப் படிக்கிறான். அவனுக்குப் பிறகு இத்தனை வருஷம் கழித்து, இனி இல்லை என்று நினைத்திருந்த நேரத்தில், ஒரு பெண் குழந்தை.

குழந்தையைக் குளிப்பாட்டுவது நாகமணிதான். கால்களை நீட்டிக்கொண்டு குளியலறைத் தரையில் உட்கார்ந்து, கணுக்காலுக்கு நடுவில் குழந்தையின் தலை வரும்படி கிடத்தி, இளஞ்சூட்டுத் தண்ணீரைக் கையால் அள்ளி அள்ளி விடுவாள். குழந்தை முதலில் முகத்தைச் சுளிக்கும், பிறகு கைகளைத் தளர்த்திக்கொண்டு கண்ணை மூடும். அனுஷியா கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்ப்பாள்.

"எனக்கெண்டால் உப்பிடிப் பிடிக்கப் பயம், நாகமணியக்கா. நான் வேலைக்குப் போனாப் பிறகு நீங்கள்தான் இவவுக்கு அம்மா."

"அப்படியெல்லாம் சொல்லாதீங்கம்மா" என்பாள் நாகமணி. ஆனால் அந்தச் சொல்லை பஸ்ஸில் வீடு போகும்வரை மனதுக்குள் வைத்திருப்பாள்.

உள்ளே அறையில் தர்ஷன் இருமினான். பாடசாலை விளையாட்டுப் போட்டி முடிந்த நாட்களில் தொடங்கிய இருமல். ஒரு தொடர் இருமிவிட்டு, மூச்சை இழுத்துக்கொண்டு, மறுபடி இருமுவான். அலர்ஜி என்று சிரப் கொடுத்திருந்தார்கள். அவனுடைய நெஞ்சுக்குத் தைலம் தேய்த்து விட்டதும், சளி துப்பிய துவாய்களை அவித்துத் துவைத்ததும் நாகமணிதான். பிறகு அவளுக்கும் வந்தது. கொத்தமல்லி குடித்தாள், நின்றது. கொச்சிக்கடைத் திருவிழாவன்று புருஷன் அழகுமுத்துவுக்கு வந்தது. புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிற நாட்டாமி அவன். மாவும் மல்லியும் பறக்கிற தெருவில் யார்தான் இருமவில்லை? தோட்டத்துப் பிள்ளைகளும் இருமிக்கொண்டுதான் இருந்தார்கள்.

குழந்தைக்கு முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழித்தபோது வீடு நிறையச் சனம். யாழ்ப்பாணத்திலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்தவர்கள் குழந்தையைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொஞ்சினார்கள். நாகமணி வடைச்சட்டிக்கு முன்னால் நின்றாள். நெஞ்சுக்குள் கொஞ்சம் கரகரப்பு இருந்ததா, முழுக்கப் போய்விட்டிருந்ததா, பிற்பாடு எவ்வளவு யோசித்தும் அவளுக்கு நினைவு வரவில்லை.

சில கிழமைகளுக்குப் பிறகு ஒரு காலையில் ஸவாஹிர் தோட்டத்துக்கு வந்தான். நாகமணி குழாயடியில் வாளியோடு நின்றாள்.

"அக்கா, அண்டைக்கு எடுத்த ரத்தத்துல இந்தத் தோட்டத்துலயே ஒங்களுக்குத்தான் ஆகக் கூடின சக்தி. டொக்டர் மிச்சம் ஆச்சரியப்பட்டாரு. ஒங்களுக்கு இப்ப கிட்டடியில இருமல் ஏதும் வந்திச்சா எண்டு கேக்கச் சென்னாரு."

"வந்துச்சு தம்பி. அது போயிருச்சு."

"சரி சரி. பயப்பட ஒண்டுமில்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போனான்.

அவனுக்குக் கேட்கும்படி ருக்கியா கத்தினாள். "எனக்கு எவ்வளவு தம்பி?"

"ஒங்களுக்குக் கொஞ்சந்தான்."

"இடியப்பம் அவிக்கிறவளுக்குக் கொஞ்சம். வெள்ளவத்தையில மீன் திங்கிறவளுக்குக் கூட" என்றாள் ருக்கியா. குழாயடியில் எல்லோரும் சிரித்தார்கள். நாகமணிக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. வேலைக்குப் போகிற நூற்றைம்பத்தைந்தாம் பஸ்ஸில் யன்னலோரம் இடம் கிடைத்தது. அந்தக் குழந்தையைத் தூக்குவதற்குத் தன் உடம்பில் அவ்வளவு பலம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே போனாள். அனுஷியா அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்றிருந்தது. ஆனால் அன்றைக்கு வீட்டில் விருந்தாட்கள் இருந்தார்கள். சொல்லவில்லை.

குழந்தைக்கு இரண்டாம் மாத ஊசி போட அடுத்த கிழமை கிளினிக்குக்குப் போக இருந்தார்கள். அதற்குள் இருமல் தொடங்கிவிட்டது.

முதலில் தும்மல்தான். பிறகு பால் குடிக்கும்போது ஒரு சின்ன இருமல். மூன்றாம் நாள் காலை, தொட்டிலில் கிடந்த குழந்தை தொடர்ந்து இருமி, இருமி, சத்தமே வராமல் வாயைத் திறந்தபடி இருந்தது. முகம் சிவந்து, பிறகு உதட்டைச் சுற்றி நாவற்பழ நிறம் ஏறியது. நாகமணி ஓடிப்போய் அள்ளி, முன்னங்கையில் குப்புறப் போட்டு முதுகைத் தட்டினாள். ஒரு பொட்டு மூச்சு உள்ளே போனது. அனுஷியா தலைமுடியைக்கூடக் கட்டாமல் படியில் இறங்கி ஓடினாள். ஆட்டோவில் களுபோவில ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் வரைக்கும் நாகமணி தன் கன்னத்தைக் குழந்தையின் மூக்கடியில் வைத்துக்கொண்டே இருந்தாள், காற்று வருகிறதா என்று.

ஆஸ்பத்திரியில் குழந்தையைக் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் கொண்டுபோய் ஒட்சிசன் வைத்தார்கள். வெகுநேரத்துக்குப் பிறகு ஒரு இளம் பெண் டொக்டர் வெளியே வந்தாள். "கக்கல் கெஸ்ஸ" என்றாள் சிங்களத்தில். குக்கல், கக்குவான், கக்கல். மூன்றும் ஒன்றுதான் என்று நாகமணிக்குப் புரிய ஒரு கணம் ஆனது. டொக்டர் அனுஷியாவிடம் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினாள்.

"நாங்கள் எல்லாரும் சின்னனில ஊசி போட்டனாங்கள்தானே" என்று அனுஷியா தமிழில் அழுதாள், யாரைப் பார்த்து என்றில்லாமல். "பிள்ளைக்கும் அடுத்த கிழமை போட இருந்தனாங்கள்."

நாகமணிக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. அவள் முன்னால் வந்து சேலைத் தலைப்பை விலக்கி, முழங்கையை மடித்து நரம்பு தெரியும்படி நீட்டினாள்.

"மகே லே கன்ன, டொக்டர்." என் இரத்தத்தை எடுங்கள் என்றாள். கொட்டாஞ்சேனையில் எடுத்துப் பார்த்தார்கள், இந்த இருமல் வருத்தத்துக்கு எதிரான சக்தி எனக்குத்தான் எல்லோரையும்விடக் கூட என்று சொன்னார்கள், அதைப் பிள்ளைக்குக் கொடுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் எடுங்கள் என்று தெரிந்த சிங்களத்தில் சொன்னாள்.

டொக்டர் அவளை நிதானமாகப் பார்த்தாள். எப்போது எடுத்தார்கள், யார் எடுத்தார்கள் என்று கேட்டாள். அப்படிக் கொடுக்க முடியாது என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு அனுஷியாவின் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சில வசனங்கள். நாகமணி டொக்டரின் முகத்தைப் பார்த்து, தன்னைப் பற்றி நல்லதாகத்தான் ஏதோ சொல்கிறாள் என்று நினைத்தாள். நீட்டிய கையை அவள் இன்னும் மடக்கவில்லை.

அனுஷியா அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஒரு அடி பின்னால் போனாள்.

"நாகமணியக்கா, உங்களுக்கு எப்ப இருமல் வந்தது?"

"அது... எப்பவோங்கம்மா. தம்பிக்குத் தைலம் தேச்ச நாளையில."

"எப்ப நிண்டது?"

"திருவிழாவுக்குப் பொறகு... சரியாத் தெரியலைங்கம்மா. ஏங்கம்மா?"

"கிட்டடியில வருத்தம் வந்தவைக்குத்தான் ரத்தத்தில அவ்வளவு காட்டுமாம்."

நாகமணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. சக்தி என்றார்கள். இப்போது வருத்தம் என்கிறார்கள். அவள் கையை மெல்லக் கீழே இறக்கினாள்.

வேலையிடத்திலிருந்து லோகேஸ்வரன் வந்து சேர்ந்தான். அனுஷியா அவனைச் சுவரோரம் கூட்டிப்போய்க் கதைத்தாள். நாகமணிக்குத் துண்டு துண்டாகக் கேட்டது.

"ஆர் ஆருக்குக் குடுத்ததெண்டு அதில தெரியாதாம். வீட்டில எல்லாரையும் டெஸ்ட் பண்ணினால் நல்லதெண்டு டொக்டர் சொல்லுறா."

"எங்களுக்கு என்னத்துக்கு? அதுதான் ஆரெண்டு தெரிஞ்சிட்டுதே."

"தம்பிதானங்க மொதல்ல இருமினாரு" என்றாள் நாகமணி. அவள் யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்துவிட்டது.

"அவனுக்கு அலர்ஜி" என்றாள் அனுஷியா. "சோதனைக்குப் படிக்கிற பிள்ளையை இதுக்குள்ள இழுக்காதேங்கோ."

"சரிங்கம்மா."

தாதி ஒருத்தி மாத்திரை உறைகளோடு வந்து நின்றாள். குழந்தையோடு இருந்த எல்லோரும் குடிக்க வேண்டும், வீட்டில் எத்தனை பேர் என்று சிங்களத்தில் கேட்டாள். லோகேஸ்வரன் மூன்று விரலைக் காட்டினான். நாகமணி கண்ணாடிக் கதவுப் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள். உள்ளே குழாய்களுக்கு நடுவில் ஒரு சின்னப் பாதம் மட்டும் தெரிந்தது.

"நீங்கள் வீட்டை போங்கோ" என்றான் லோகேஸ்வரன். "நாங்கள் சொல்லி அனுப்புறம்."

அழகுமுத்து மூட்டை தூக்கிய தோளுக்கு எண்ணெய் போட்டபடி எல்லாவற்றையும் கேட்டான்.

"எனக்கு நீ குடுத்த. ஒனக்கு அந்த வீடு குடுத்துச்சு. இதுல என்னா கொழப்பம்?"

"தோட்டத்துப் புள்ளைங்களும் இருமுச்சுதான? நான் இங்கருந்து கொண்டு போயிருந்தா?"

"அப்ப லண்டன்லருந்து வந்தவங்க?"

"அவுங்க யாரும் இருமுனதா எனக்கு ஞாபகம் இல்ல."

"ஒனக்கு ஒன் இருமலே ஞாபகம் இல்ல" என்றான் அழகுமுத்து. கோபத்தில் சொல்லவில்லை. ஆனாலும் அவளுக்கு அழுகை வந்தது.

அவள் விளையாட்டுப் போட்டியிலிருந்து தொடங்கிப் பார்த்தாள். தர்ஷன், பிறகு தான், பிறகு அழகுமுத்து. அது சரியாக வந்தது. பிறகு ருக்கியாவின் பிள்ளைகளை நினைத்தாள். அவர்கள் தனக்கு முன்னாலா, பின்னாலா? ருக்கியாவைக் கேட்டாள். "எங்கட வீட்டுல எப்பதான் இருமல் இல்ல?" என்றாள் ருக்கியா. மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். குழந்தையின் தலையை முகர்ந்து பார்க்கிற பழக்கம் அவளுக்கு இருந்தது. அந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு நின்றுவிடும்.

ஒருநாள் ஸவாஹிரைத் தேடிச் சுகாதார அலுவலகத்துக்கே போனாள். அவன் சாப்பாட்டுப் பார்சலை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்தான்.

"நீங்க சக்தின்னு சொன்னீங்க தம்பி. அவுங்க வருத்தம்ங்கறாங்க. எது உண்மை?"

"ரெண்டும் உண்மதான் அக்கா. ஊசி போட்டாலும் சக்தி வரும். வருத்தம் வந்து போனாலும் சக்தி வரும். ஒங்கட வயசுல அவ்வளவு கூட ஈந்தா, வந்து போயீக்கி."

"அப்ப நான்தான் அந்தப் புள்ளைக்குக் குடுத்தேனா?"

ஸவாஹிர் கையைத் துடைத்துக்கொண்டான். "அத ரத்தம் செல்லாது. வந்திச்சிண்டு மட்டுந்தான் செல்லும். ஒங்களுக்கு ஆர் தந்தது? அவருக்கு ஆர் தந்தது? பெரியாக்கள் எல்லாரும் சும்மா இருமல் எண்டு நெனச்சிக்கிட்டுத் திரியிறோம். சின்னதுக்கு ஊசிக்கு முந்தி ஒரு பாதுகாப்பும் இல்ல. கடைசியா அதுட தலையில பெய்த்து விழுது."

"இப்ப நான் அந்தப் புள்ளைய தூக்கலாமா?"

"ஒங்கட இருமல் எப்பயோ முடிஞ்சி. இனிக் கொஞ்ச காலத்துக்கு ஒங்களுக்கு லேசுல வராது. சக்தி இல்லாத ஆளுக்குத்தான் டக்கெண்டு புடிக்கும். சரியாச் செல்லப்போனா இப்ப அந்தப் புள்ளைக்குக் கிட்ட ஈக்க ஒங்களவிட நல்ல ஆள் இல்ல."

"இத அந்த அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லுவீங்களா?"

ஸவாஹிர் கழுத்தைச் சொறிந்தான். ஆட்களுடைய முடிவுகளை வெளியே சொல்லக்கூடாது என்று மேலிடத்தில் சொல்லியிருக்கிறார்கள், அவளுக்குச் சொன்னதே பிழை என்றான். அவன் பொய் சொல்கிற மாதிரித் தெரியவில்லை.

அனுஷியா ஒரு பின்னேரம் தொலைபேசியில் கூப்பிட்டாள். நாகமணி எழுந்து நின்றுகொண்டு பேசினாள்.

"பிள்ளையை வீட்டை கொண்டு வந்திட்டம். இன்னும் இருமல் இருக்குது, ஆனால் பாதிப்பில்லையாம். பால் குடிக்கிறா."

"சாமி காப்பாத்திருச்சுங்கம்மா. நான் நாளைக்கு வரட்டுங்களா?"

அந்தப் பக்கம் ரயில் போகிற சத்தம் கேட்டது. அது போய் முடிந்ததும் அனுஷியா பேசினாள்.

"வேலைக்கு வேற ஒரு பிள்ளையை எடுத்திருக்கிறம். இருபது வயசுப் பிள்ளை. இவர் பிரைவேட்டில அந்த ரத்த டெஸ்டும் எடுத்துப் பாத்தவர். அவவின்ர ரத்தத்தில ஒண்டும் இல்லை. சுத்தம்."

"அம்மா, ஒண்ணும் இல்லாதவங்களுக்குத்தான் சட்டுன்னு..." நாகமணி ஸவாஹிர் சொன்னதை அப்படியே சொல்லப் பார்த்தாள். சக்தி, வருத்தம், வயது, ஊசி. எது முன்னால் எது பின்னால் என்று நாக்குக்குள் சிக்கிக்கொண்டது. "தம்பிக்கு இருமல் சரியாயிருச்சுங்களா?"

"உங்களில எனக்குக் கோபம் இல்லை, நாகமணியக்கா" என்றாள் அனுஷியா. குரல் உடைந்தது. "நீங்கள் பிள்ளையைக் காப்பாத்தினதும் எனக்குத் தெரியும். எனக்கு ஒண்டும் விளங்குதில்லை. ஆனால் உங்களைப் பாத்தால் எனக்கு அவவின்ர முகம் நீலமானதுதான் வரும். என்னால ஏலாது."

"சரிங்கம்மா" என்றாள் நாகமணி. தொலைபேசி நின்ற பிறகும் சற்று நேரம் காதில் வைத்துக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு இரண்டு மூன்று வீடுகளில் கேட்டுப் பார்த்தாள். வெள்ளவத்தையில் பிள்ளை பார்க்கிற பெண்களின் செய்தி ஒரு ஒழுங்கையிலிருந்து அடுத்த ஒழுங்கைக்கு அவளுக்கு முன்னாலேயே போய்விடும். குக்கல் வந்தவளாமே என்று ஒரு வீட்டில் கேட்டைத் திறக்காமலேயே கேட்டார்கள்.

கடைசியில் கொட்டாஞ்சேனையிலேயே செத்தல் மிளகாய் அரைக்கிற மில்லில் இடம் கிடைத்தது. காம்பு கிள்ளுகிற வேலை. பெண்கள் வாயையும் மூக்கையும் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு சாக்குகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே இயந்திரம் ஓடும்போது காற்றே சிவப்பாக மாறிவிடும். ஒருத்தி இருமினால் அடுத்தவள் இருமுவாள், அது வரிசை முழுக்கப் போய்த் திரும்பி வரும். முதலாளி தலையைத் தூக்கிக்கூடப் பார்ப்பதில்லை. வேலைக்குச் சேரும்போது அவளிடம் கேட்டது ஒன்றுதான், காலையில் நேரத்துக்கு வரமுடியுமா என்று.

சேர்ந்த கிழமையே அங்கே ஒரு குழந்தையைக் கண்டாள். பக்கத்தில் காம்பு கிள்ளிய சின்னப் பெண்ணுடையது. வீட்டில் விட ஆளில்லை என்று வாசலோரம் வெறும் சாக்குகளை மடித்து அதன்மேல் கிடத்தியிருந்தாள். இன்னும் கழுத்து நிற்காத குழந்தை. லொறியிலிருந்து மூட்டை இறக்கக் கூப்பிட்டபோது, அந்தப் பெண் குழந்தையைத் தூக்கி நாகமணியின் பக்கம் நீட்டினாள்.

"கொஞ்சம் புடிங்கக்கா. இந்தா வந்துர்றேன்."

நாகமணியின் கைகள் தாமாகவே எழுந்தன. பாதி வழியில் நின்றன. விரல் நகங்களுக்குள் மிளகாய்ச் சிவப்பு.

"கீழயே போடும்மா" என்றாள். "நான் பாத்துக்கிறேன்."

அந்தப் பெண் புரியாமல் ஒருமுறை பார்த்துவிட்டு, குழந்தையைச் சாக்கில் கிடத்திவிட்டு ஓடினாள். உள்ளே இயந்திரம் உறுமத் தொடங்கியது. தூசு வாசலை நோக்கிப் புகையாக வந்தது. நாகமணி ஒரு அட்டைத் துண்டை எடுத்துக்கொண்டு, குழந்தைக்கும் தூசுக்கும் நடுவில் போய், குழந்தைக்கு முதுகைக் காட்டியபடி நின்றாள். கையை மட்டும் பின்னால் நீட்டி விசிறினாள். தொண்டைக்குள் இருமல் ஏறி வந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, மூச்சை அடக்கிக்கொண்டு விசிறிக்கொண்டே இருந்தாள்.